ஜுனைதா மதினி கேட்ட பெண்பிள்ளை

சாய்ந்தமருதில் ஒருவருக்கு நாலாவது பிள்ளையும் ஆணாகப் பிறந்தால் ஊரே அவரைப் பார்த்துப் பொறாமைப்படும். இங்கே மகளைக் கட்டிக்கொடுப்பதென்றால் அவளுக்கு ஒரு வீட்டையும் கொடுத்தாக வேண்டும். மாப்பிள்ளை ஒரு பெட்டி உடுப்போடு வந்து அந்த வீட்டில் குடியேறுவார். மூன்று மகள் பெற்றவன் மூன்று வீடு கட்டுவதற்குள் முதுகு வளைந்து போவான். மகன்மாரைப் பெற்றவனுக்கு அந்தத் தலையிடி கிடையாது, அனுப்பி வைத்தால் போதும்.

எங்கள் மதிலுக்கு அந்தப் பக்கத்து வீட்டு ஜுனைதா மதினிக்கு நாலும் ஆண். நாலாவது பிள்ளை ஸஜாத் பிறந்த அன்று, அவருடைய கணவர் றஸாக் காக்காவின் கையைப் பிடித்து, “நாலு வீடு மிச்சம் காக்கா” என்று சொல்லிச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். உள்ளே ஜுனைதா மதினி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து அழுதுகொண்டிருந்தாராம். பார்க்கப் போன என் மனைவி ஸுலைஹா வந்து சொன்னாள். பிள்ளைக்கு ஏதும் சுகமில்லையோ என்று முதலில் எல்லோரும் பயந்துவிட்டார்களாம்.

நான் நிந்தவூர்க்காரன். ஸுலைஹாவுக்குக் கிடைத்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்து தலைமுடி நரைத்துவிட்டது. இன்னும் இந்தத் தெருவில் எனக்குப் பெயர் நிந்தவூரார்தான். ஜுனைதா மதினியின் அழுகை எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை, ஆனால் போகப் போக நன்றாகவே விளங்கியது. மகன் பிறந்த வீட்டில் வளர்வான், வாழப் போவது இன்னொரு வீட்டில். மகள் பிறந்தால்தான் வீட்டில் ஆள் இருக்கும். மகள் இல்லாத வீடு கடைசியில் வெறும் சுவராகத்தான் நிற்கும். ஜுனைதா மதினி இந்தக் கணக்கை ஊருக்கு முந்திப் போட்டுப் பார்த்துவிட்டார், அவ்வளவுதான்.

அவர் விடாமல் கேட்டார். ஐந்து நேரத் தொழுகைக்குப் பிறகும் ஒரே துஆ. “யா அல்லாஹ், எனக்கொரு பொம்புளப் புள்ளயத் தா.” இனிப் பிள்ளை பெறக்கூடாது என்று டொக்டர் சொன்ன பிறகும் கேட்டார். றஸாக் காக்கா ஒருநாள் பொறுக்க மாட்டாமல், “இனி எங்கால வாற புள்ள? வேற ஏதாவது கேளுகா” என்று சொன்னது மதிலுக்கு இந்தப் பக்கம் வரைக்கும் கேட்டது. ஜுனைதா மதினி எங்கள் மகள் அப்னாவைக் கூப்பிட்டு இருத்தி, எண்ணெய் வைத்துத் தலை வாரிப் பின்னி அனுப்புவார். அப்னா பெரியவளாகி வெட்கப்படும் வரை அது நடந்தது.

மகன்மார் ஒவ்வொருவராகப் போனார்கள். மூத்தவன் றிஸ்மி அக்கரைப்பற்றுக்கு, அடுத்தவன் எங்கள் நிந்தவூருக்கு, மூன்றாமவன் ஒலுவிலுக்கு. மூன்று பேரும் நல்ல வீடுகளுக்குத்தான் போனார்கள். பெண் பார்க்கப் போனால் மதினி பெண்ணைப் பார்க்கும் முன் வீட்டைத்தான் பார்ப்பார். கூரை ஓடா சீற்றா, கிணறு உள்ளே இருக்கிறதா, காணி உறுதி யார் பெயரில் இருக்கிறது என்று நுணுக்கமாக விசாரிப்பார். கலியாணத்தன்று மாப்பிள்ளையை அலங்கரித்துக் காரில் ஏற்றி அனுப்பிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். பெரிய வீட்டுக்கு மகனை அனுப்பியது பெருமை. அவன் போனது துக்கம். இரண்டுக்கும் இடையில் ஒரு தொடர்பு இருப்பதை அவர் ஏனோ பார்க்கவே இல்லை.

றஸாக் காக்கா மௌத்தாகி அடக்கம் செய்த பிறகு அந்த வீட்டில் மதினியும் ஸஜாத்தும் மட்டும். மூத்த மூவரும் வெள்ளிக்கிழமைகளில் வருவார்கள். தேத்தண்ணி குடிப்பார்கள், ஆளுக்கொரு போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், வெயில் தாழ்ந்ததும் “வாறன் உம்மா” என்று எழும்பிவிடுவார்கள். பெற்ற வீட்டில் விருந்தாளிபோல விளிம்பில் உட்கார்ந்து எழும்பும் வித்தை எங்கள் ஊர் ஆண்கள் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும், என் உம்மா உயிரோடு இருந்தவரை நானும் அப்படித்தான் உட்கார்ந்தேன்.

ஸஜாத்துக்குக் கல்முனையில் போன் திருத்தும் கடையில் வேலை. எதிரே ஒரு மருந்துப் பாமசியில் வேலை செய்த அஸ்மியாவை அவனுக்குப் பிடித்துவிட்டது. மருதமுனைப் பிள்ளை. வாப்பா அச்சிமுகம்மது மீன் வியாபாரி. விசாரித்ததில் குடும்பத்தில் ஒரு குறையும் இல்லை. மதினி சந்தோசமாகத்தான் இருந்தார், வீட்டுக் கதை வரும் வரை.

அச்சிமுகம்மதுக்கு நாலும் பெண். இருப்பது சுனாமிக்குப் பிறகு வீட்டுத் திட்டத்தில் கிடைத்த ஒரு சின்ன வீடு. அதை மூத்தவள் அஸ்மியாவுக்கு எழுதிவிட்டு, மனைவியையும் மற்ற மூன்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாடகைக்குப் போக அவர் ஆயத்தமாகத்தான் இருந்தார். மாட்டேன் என்று நின்றது அஸ்மியாதான். தங்கச்சிமாரைத் தெருவில் விட்டுவிட்டு எனக்கு வீடு வேண்டாம், நான் மாப்பிள்ளை வீட்டுக்கு வந்து இருக்கிறேன் என்று ஸஜாத்திடம் சொல்லிவிட்டாள்.

இந்த இடத்தில் ஜுனைதா மதினி என்ன செய்திருக்க வேண்டும்? வாழ்நாள் முழுக்கப் பெண்பிள்ளை கேட்டு அழுத மனிசி. ஒரு பெண்பிள்ளை தானாக வருகிறேன் என்கிறது, கடைசி மகனும் வீட்டை விட்டுப் போகத் தேவையில்லை. துள்ளி எழும்பி ஓம் என்றிருக்க வேண்டும். மதினி என்ன செய்தார் தெரியுமா? வீடு தந்தால்தான் கலியாணம் என்று நின்றார்.

“மூத்த மூணு பேரையும் வீடு குடுத்துத்தான் எடுத்தாங்க. இவன் மட்டும் என்ன, குறைஞ்சவனா?” என்று மதிலோரம் நின்று ஸுலைஹாவிடம் கேட்டார். “என்ட மகன்ல ஏதோ குறை கிடக்கு, அதான் வீடு குடுக்காம எடுக்காங்க எண்டு ஊர் கதைக்காதா?”

ஸுலைஹா தலையை ஆட்டினாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. பொதுவாக அடுத்த வீட்டுக் கலியாணத்தில் நான் வாய் திறப்பதில்லை.

“மதினி, அவங்க வீட்டத் தந்தா இவன் போயிருவான். நீங்க தனிச்சிப் போவீங்க. வெளங்குதா உங்களுக்கு?”

“எல்லா ஆம்புளயும் போறதானே தம்பி,” என்றார் அவர். “நீங்களும் உங்கட உம்மாவ உட்டுட்டுத்தானே இஞ்ச வந்த?”

நான் உள்ளே வந்துவிட்டேன். சொன்னதில் ஒரு எழுத்தும் பிழையில்லை, அதுதான் சுட்டது.

மாதக்கணக்கில் இழுபட்டது. ஸஜாத் வீட்டில் சாப்பிடுவதை நிறுத்தினான். உம்மாவும் மகனும் ஒரே கூரையின் கீழ் முகம் பார்க்காமல் நடமாடினார்கள். கடைசியில் மதினி தானே போய்ப் பேசி முடித்துவிட்டு வருவதென்று கிளம்பினார். முறித்துவிட்டு வரத்தான் போகிறார் என்று எங்களுக்குத் தெரியும். துணைக்கு ஸுலைஹாவையும் கூட்டிக்கொண்டு போனார்.

மருதமுனை வீட்டில் உட்கார இருந்த கதிரைகளை இவர்கள் இரண்டு பேருக்கும் கொடுத்துவிட்டு மற்றவர்கள் நின்றார்களாம். சின்னப் பிள்ளைகள் கட்டிலில் ஏறி உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார்கள், நிலத்தில் கால் வைக்க இடமில்லை. அச்சிமுகம்மது வீட்டை எழுதித் தருவதாகத் திரும்பவும் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அஸ்மியா தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து மதினியின் முன்னால் நின்றாள்.

“மாமி, எங்கட வீட்ட நாங்க நாலு பொம்புளப் புள்ளைகள், இடமில்ல. உங்கட வீட்ட ஒரு பொம்புளப் புள்ளயும் இல்ல, இடம் சும்மா கிடக்கு. நான் அங்க வந்தா ஆருக்கு என்ன நட்டம்?”

“ஊர் என்னகா சொல்லும்?” என்றார் மதினி.

“ஊரா மாமி நமக்குச் சோறாக்கித் தாற?”

அச்சிமுகம்மதுவின் மனைவி பயத்தில் மகளின் கையைப் பிடித்து இழுத்தாராம். மதினி தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு எழும்பினார். வரும் வழியில் பஸ்ஸில் அவர் முகம் சிவந்திருந்தது. என்ன வாய், என்ன வாய், மாமி எண்டும் பாக்கல்ல, பெரியவங்க எண்டும் பாக்கல்ல என்று கல்முனை வரைக்கும் சொல்லிக்கொண்டு வந்தார். கல்முனையைத் தாண்டிய பிறகு சத்தம் நின்றுவிட்டது. இறங்கும்போது ஸுலைஹாவிடம் மெல்லச் சொன்னாராம்:

“என்ட வயித்துல ஒண்டு பிறந்திருந்தாலும் இப்பிடித்தான் எனக்கு வாய் காட்டி இரிக்கும், என்ன?”

அடுத்த வாரம் கலியாணம் உறுதியானது. மாப்பிள்ளை போகாத, பெண் வந்த கலியாணம். பள்ளிவாசலில் நிக்காஹ் முடிந்து, அஸ்மியா காரில் எங்கள் தெருவுக்கு வந்து இறங்கினாள். கேற்றுக்கு வெளியே நின்று பார்த்தவர்கள் கலியாணத்துக்கு வந்தவர்களைவிட அதிகம். மதினி அவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு மருமகளின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார்.

கதையை இதோடு நிறுத்தினால் நல்லாயிருக்கும். ஆனால் அதற்குப் பிறகுதான் மதிலுக்கு அந்தப் பக்கம் சண்டையே தொடங்கியது.

மதினி கேட்ட பெண்பிள்ளை வேறு. பக்கத்தில் உட்கார்ந்து மெல்லக் கதைத்து, தலை பின்ன முதுகைக் காட்டி, உம்மா சொன்ன மாதிரி ஆணம் காய்ச்சும் பிள்ளை அது. வந்தது அஸ்மியா. காலையில் பாமசிக்குப் போனால் பொழுதுபட்டுத்தான் வருவாள். அவள் வைக்கும் மீன் ஆணத்தில் புளி இருக்கும், மற்ற எதுவும் இருக்காது. கழுத்தளவு வெட்டிய முடியைப் பின்னவும் ஏலாது. வந்த மாதமே குசினியில் இருந்த சாமான் எல்லாவற்றையும் இடம் மாற்றிவிட்டாள். மதினிக்குச் சீனி வியாதி. முன்பு மருந்தை நினைத்தால் போடுவார். இப்போது அஸ்மியா தண்ணீரோடு முன்னால் நின்று, வாயைத் திறந்து காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் நகருவாள். பெருநாளைக்கு நாங்கள் அனுப்பிய வட்டிலப்பத்தை, இனிப்பு ஆகாதென்று, அப்படியே திருப்பி எங்கள் வீட்டுக்கு அனுப்பினாள்.

“நான் கேட்ட இந்தப் புள்ளய இல்ல ஸுலைஹா,” என்று மதினி மதிலோரம் வந்து குமுறுவார்.

என்னைக் கேட்டால், பிழை மதினி மேல்தான். முப்பது வருசமாகப் பெண்பிள்ளை, பெண்பிள்ளை என்று மட்டும் கேட்டார். எப்படிப்பட்ட பிள்ளை என்று ஒரு விபரமும் சொல்லவில்லை. அல்லாஹ் தன் இஷ்டத்துக்கு ஒன்றைப் பார்த்து அனுப்பிவிட்டான். இதை நான் சொன்னபோது ஸுலைஹா அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டுத் தவ்பா செய் என்று என்னை ஏசினாள், பிறகு திரும்பி நின்று சிரித்தாள்.

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். வெள்ளிக்கிழமை மகன்மார் வந்தால் அந்த வீட்டில் யாரும் சத்தம் போடுவதில்லை. உம்மா சுகமா, ஓம் மகன், அவ்வளவுதான். விருந்தாளியோடு யார் சண்டை பிடிப்பார்? மதினியோடு சண்டை பிடிக்க அந்த வீட்டில் ஒரேயொரு ஆள்தான் இருந்தது.

போன ஹஜ்ஜுப் பெருநாளுக்கு நாலு மகன்மாரும் ஒன்றாகக் கூடினார்கள். இடையில் வேலைக்குக் கத்தாருக்குப் போன மூன்றாமவனும் லீவில் வந்திருந்தான். பகல் சாப்பாடு முடிந்த பிறகு ஸுலைஹாவும் நானும் பெருநாள் பார்க்கப் போனோம். அந்த நேரம் பார்த்துத்தான் றிஸ்மி பேச்சை எடுத்தான். அவனுக்கு இரண்டு பெண்பிள்ளைகள், மூத்தது குமராகிக்கொண்டு வருகிறது. அவளுக்கு வீடு கட்ட வேண்டும், கையில் ஒன்றுமில்லை. றிஸ்மி கெட்டவன் இல்லை. மகள் பெற்ற எல்லா வாப்பாமாருக்கும் வரும் பயம் அவனுக்கும் வந்துவிட்டது, எனக்கும் ஒருகாலம் வந்ததுதான்.

“உம்மா, இந்த வீட்ட வித்துப் பங்கு வெச்சா எல்லாருக்கும் நல்லம். பெரிய வளவு, நல்ல விலை போகும்.”

நாங்கள் எழும்பப் பார்த்தோம். இருங்க என்று மதினி கையைக் காட்டினார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“வித்தா நான் எங்க மகன் இருக்கிற?”

றிஸ்மி தம்பியைப் பார்த்தான். அவன் அடுத்தவனைப் பார்த்தான். மூவரும் இருப்பது மனைவிமாரின் வீட்டில். மனைவியைக் கேட்காமல், மாமியாரைக் கேட்காமல், உம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் எந்த அறையில் இருத்துவது? பாசம் இல்லாமல் இல்லை. இடம் அவர்களுடையது இல்லை. இந்த ஊர் மாப்பிள்ளைமாரில் யாரைக் கொண்டுவந்து அந்தக் கதிரையில் இருத்தினாலும் அந்தக் கேள்விக்கு இப்படித்தான் அடுத்தவனைப் பார்ப்பான். ஸஜாத் வாயைத் திறக்கப் போனான்.

அதற்கு முதல் குசினிக் கதவடியில் இருந்து அஸ்மியாவின் சத்தம் வந்தது. கையில் கழுவிய பீங்கான் கோப்பை, தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது.

“என்ன கேள்வி மாமி இது? வீட்ட வித்தா வித்துட்டுப் போகட்டும், அது உங்கட புள்ளைகள்ட விசயம். நாங்க வாடகைக்கு ஒரு அறை எடுத்தாலும் நீங்க எங்களோடதான். உங்களோட மல்லுக்கட்டி மருந்து பருக்க இவங்களால ஏலுமா?”

சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள். பாசமாகச் சொன்ன மாதிரியே இல்லை, ஏசின மாதிரித்தான் இருந்தது. உள்ளே கோப்பைகளைப் போட்டு உருட்டும் சத்தம் கேட்டது.

ஜுனைதா மதினி முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டார்.

“றிஸ்மி, இது உங்கட வாப்பா கட்டின வீடில்ல மகன். எனக்கு என்ட உம்மா தந்த. அவவுக்கு அவட உம்மா தந்த வளவு. இது உம்மாட்ட இருந்து மகளுக்குப் போற வீடு. நானும் என்ட மகளுக்குத்தான் குடுப்பன்.”

“எந்த மகள் உம்மா?” என்று கேட்டான் றிஸ்மி. உண்மையாகவே விளங்காமல் கேட்டான்.

“இப்ப கோப்பை உடைக்காளே, அவள்தான்.”

றஸாக் காக்காவின் மாவடிப்பள்ளி வயலை மூத்த மூவரும் பிரித்துக்கொள்ள வேண்டும், ஸஜாத்துக்கு அதில் பங்கில்லை, வீடு அஸ்மியாவுக்கு என்று மதினி தீர்ப்புச் சொன்னார். றிஸ்மி கோபித்துக்கொண்டு எழும்பினான். அந்தக் கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை. ஆனால் வயலில் தன் பங்கை விற்று அக்கரைப்பற்றில் மகளுக்கு அத்திவாரம் போட்டிருக்கிறான் என்று கேள்வி. வெள்ளிக்கிழமையும் வருகிறான், முன்பைவிடக் கொஞ்சம் பிந்தி.

நொத்தாரிசிடம் போய் உறுதி எழுதும் நாள் வரை அஸ்மியா வேண்டாம் வேண்டாம் என்றுதான் நின்றாள். “மாமி, ஊர் என்ன சொல்லும்?” என்றுகூடக் கேட்டுப் பார்த்தாள். மதினி அவளை ஒரு பார்வை பார்த்தார். அவள் கையெழுத்துப் போட்டாள்.

திரும்பி வந்த அன்றே மதினி தன் கட்டிலைத் தூக்கச் சொன்னார். எங்கே என்று கேட்டால், பின்பக்கம், குசினியோடு ஒட்டிய சின்ன அறைக்காம். நானும் ஸஜாத்தும் ஆளுக்கொரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு நின்றோம். அஸ்மியா வாசலை மறித்துக்கொண்டாள்.

“இவ்வளவு பெரிய வீட்ட உட்டுட்டு அந்தப் புகைக்குள்ள எதுக்குப் போற? ஊராக்கள் நான் உங்கள வெளிய போட்ட எண்டு சொல்லவா?”

“தள்ளுகா,” என்றார் மதினி. “மகளுக்கு வீட்டக் குடுத்த உம்மாமார் இந்த ஊருல எங்க இருக்கா? குசினிப் பக்கம்தானே. உன்ட புருசன்ட உம்மாவா இருந்தா முன்னுக்கே இருந்திருப்பன். பொம்புளப் புள்ள பெத்தவள் பின்னுக்குத்தான் இருக்கணும். எனக்கு அந்த இடம் வேணும்.”

எங்கள் ஊரில் அந்தப் பின்னறைக்கு யாரும் ஆசைப்பட்டுப் போனதை நான் பார்த்ததில்லை. ஸுலைஹாவும் நானும் அப்னாவுக்கு வீட்டை எழுதிவிட்டுப் போனபோது முனகிக்கொண்டுதான் போனோம். ஜுனைதா மதினி வாசலில் நின்ற அஸ்மியாவைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு, தலையணையைத் தானே தூக்கிக்கொண்டு முன்னால் போனார்.

கட்டிலைப் போட்டு முடியவும் அஸர் பாங்கு சொன்னது. மதினி அங்கேயே பாயை விரித்துத் தொழ நின்றார். கடைசி ஸுஜூதில் நெற்றியை நிலத்தில் வைத்தவர் எழும்பவே இல்லை. குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த ஸுலைஹா எட்டிப் பார்த்தாள். அஸ்மியாவும் பார்த்தாள். மயங்கிவிட்டாரோ என்று ஓடிப்போய்ப் பக்கத்தில் குந்தினாள். தொழுகிறவரைத் தொடவும் பயம், விடவும் பயம். ஒரு கையை நீட்டியபடியே இருந்தாள்.

ஒருவழியாக மதினி எழும்பி உட்கார்ந்து இரண்டு பக்கமும் சலாம் கொடுத்தார். கண்ணும் மூக்கும் நனைந்திருந்தன.

“என்ன மாமி செய்யிது? தலை சுத்துதா? ஏன் இவ்வளவு நேரம்?” என்று அஸ்மியா கத்தினாள்.

“முப்பது வருசம் கேட்டத ஒரு நிமிசத்துல நன்றி சொல்லி முடிக்க ஏலுமாகா?” என்றார் ஜுனைதா மதினி. “போ, போய் அடுப்பப் பாரு. பால் பொங்குது.”